தன் கணக்கும் அடுத்தவர் கணக்கும்

(பொன்விழாவையொட்டி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கத்தின் பொன்விழாவில் வணிகத்தைப் பற்றிப் பேசும்படி நிர்வாகக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பலசரக்குக் கடை, மொத்த வியாபாரம், உணவகம், துணிக்கடை, நாணய மாற்று என்று நம் குடும்பங்களில் பலவும் வணிகத்தால் வளர்ந்தவை. ஆகவே கடைக்காரர் ஒவ்வொருவரும் நாள்தோறும் சந்திக்கும் ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். சரக்கை எங்கிருந்து வாங்குவது, எவ்வளவு வாங்குவது, எப்போது வாங்குவது? பக்கத்திலேயே போட்டிக்கு ஒருவர் இருக்கும்போது இந்த முடிவை எப்படி எடுப்பது?

பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். விளைநிலத்திலிருந்தோ தொழிற்சாலையிலிருந்தோ கிளம்பும் பொருள் நம் கைக்கு வரும்வரை கடந்துவரும் வழி முழுவதையும் விநியோகச் சங்கிலி என்பார்கள். அந்தச் சங்கிலியைத் திட்டமிட இரண்டு கணிதத் துறைகள் உதவுகின்றன. ஒன்று உகப்பாக்கம்: இருக்கும் பணம், இடம், நேரம் ஆகியவற்றுக்குள் ஆகச் சிறந்த முடிவைக் காண்பது. மற்றொன்று ஆட்டக் கோட்பாடு: நம் முடிவின் பலன் அடுத்தவர் முடிவையும் பொறுத்தது என்னும்போது என்ன செய்வது என்று ஆராய்வது. பெயர்கள்தாம் பெரியவை. உள்ளே இருக்கும் விஷயம் நம் கடைத்தெருவில் தெரிந்ததுதான்.

ஒருவர் மட்டும் போடும் கணக்கு

நோன்பு மாதச் சந்தையில் ஒருவர் பிரியாணிப் பொட்டலம் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொட்டலத்திற்கு அவருக்கு ஆகும் செலவு 2 வெள்ளி. விற்பது 5 வெள்ளிக்கு. இரவு மீந்துபோனால் விற்க முடியாது. எத்தனை பொட்டலம் கட்டுவது?

ஒரு பொட்டலம் குறைந்துபோனால் வரவேண்டிய 3 வெள்ளி லாபம் போகிறது. ஒன்று மிஞ்சினால் 2 வெள்ளி நட்டம். மூன்றையும் இரண்டையும் கூட்டினால் ஐந்து. ஐந்தில் மூன்று பங்கு என்பது நூற்றுக்கு 60. எனவே பத்து நாளில் ஆறு நாள் கேட்டவர்க்கெல்லாம் கொடுக்க முடிகிற, நான்கு நாள் தட்டுப்பாடு வருகிற அளவே அவருக்கு ஏற்ற அளவு. ஒருநாளும் யாரையும் வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று கட்டினால், மிஞ்சுவதில் லாபம் கரைந்துவிடும். ஒன்றுகூட மிஞ்சக்கூடாது என்று குறைத்துக் கட்டினால், வந்த வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். இந்தக் கணக்கைப் போடக் கணினி வேண்டாம். ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் கேட்டார்கள் என்று எழுதிவைத்த நோட்டுப் புத்தகம் போதும்.

பெரிய அளவில் இத்தகைய கணக்குக்கு வழி கண்டவர்களில் ஒருவர் சோவியத் நாட்டின் கந்தரோவிச். லெனின்கிராட்டில் ஒட்டுப்பலகை செய்யும் நிறுவனம் ஒன்று, எந்த மரத்தை எந்த இயந்திரத்தில் அறுத்தால் அதிக விளைச்சல் கிடைக்கும் என்று அவரிடம் கேட்டது. அதற்கு விடை தேடியவர் 1939-இல் ஒரு புதிய முறையை வெளியிட்டார். அமெரிக்காவில் ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் விமானப்படையின் திட்டமிடலுக்காக அதே வகைக் கணக்கைத் தீர்க்கும் வழியைத் தனியே கண்டார். எந்தக் கிடங்கிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை லாரி அனுப்புவது என்பது போன்ற கேள்விகளை இன்றும் கணினிகள் அந்த வழியில் தீர்க்கின்றன. கந்தரோவிச்சுக்கு 1975-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் ஒட்டுப்பலகை நம்மை எதிர்த்துக் காய் நகர்த்தாது. எதிர்க்கடைக்காரர் நகர்த்துவார். நம் பிரியாணி வியாபாரி கணக்குப் போட்டு முடித்த மறுநாள் பக்கத்திலேயே இன்னொருவர் 4 வெள்ளிக்கு விற்க ஆரம்பித்தால், பழைய நோட்டுப் புத்தகம் அப்படியே உதவாது. இங்கேதான் இரண்டாவது துறை வருகிறது.

எதிரே இருப்பவரும் கணக்குப் போடுகிறார்

ஒரு சிறிய எடுத்துக்காட்டு சொல்கிறேன். எண்கள் என் கற்பனை. ஓர் ஊரில் இரண்டே பேர் வெங்காயம் இறக்குமதி செய்கிறார்கள். சந்தையில் எவ்வளவு வெங்காயம் குவிகிறதோ அவ்வளவுக்கு விலை இறங்கும். இருவரும் சேர்ந்து 6 கொள்கலன் இறக்கினால், ஒரு கொள்கலனுக்கு 6 ஆயிரம் வெள்ளி லாபம். 7 இறக்கினால் 5 ஆயிரம். 8 இறக்கினால் 4 ஆயிரம். 9 இறக்கினால் 3 ஆயிரம்.

ஆளுக்கு 3 கொள்கலன் இறக்கினால் இருவருக்கும் தலா 18 ஆயிரம் லாபம். நல்ல நிலைதான். ஆனால் முதலாமவர் யோசிக்கிறார்: "அவர் 3-ஓடு நிற்கட்டும், நான் 4 இறக்கினால்?" மொத்தம் 7. அவருக்கு நான்கு ஐந்து 20 ஆயிரம், மற்றவருக்கு மூன்று ஐந்து 15 ஆயிரம். இதே யோசனை இரண்டாமவருக்கும் வருகிறது. இருவரும் ஆளுக்கு 4 இறக்குகிறார்கள். மொத்தம் 8, ஆளுக்கு 16 ஆயிரம். இருவருக்கும் முன்பைவிடக் குறைவு. ஆனாலும் அந்த இடத்திலிருந்து தனியாக விலக இருவராலும் முடியாது. மற்றவர் 4 இறக்கும்போது நான் 3-க்கு இறங்கினாலும் 15 ஆயிரம்தான், 5-க்கு ஏறினாலும் 15 ஆயிரம்தான்.

யாரும் தனியாக மாறி லாபம் காண முடியாத இந்த நிலையை நேஷ் சமநிலை என்கிறார்கள். ஜான் நேஷ் 1950-இல் இதைப் பொதுவாக நிறுவிக் காட்டினார். 1994-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருக்கு நூறாண்டுக்கு மேல் முன்பே, 1838-இல், ஊற்றுநீர் விற்கும் இரண்டு வியாபாரிகளை வைத்துக் கூர்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் இதே கருத்தைச் சொல்லிவிட்டார். என் வெங்காயக் கணக்கு அவருடைய கணக்கின் சாயல்தான்.

"அப்படியென்றால் இருவரும் உட்கார்ந்து பேசி ஆளுக்கு 3 என்று முடிவுசெய்துகொள்ளலாமே" என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். கூடாது. அது சட்டப்படி குற்றம், வாங்குபவர்க்கு அநியாயம். இங்கே நடந்ததையே சொல்கிறேன். பசுங்கோழி விநியோகம் செய்யும் 13 நிறுவனங்கள் விலையேற்றத்தைக் கலந்து பேசிச் செய்தன, ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் தொடுவதில்லை என்றும் உடன்பட்டன. 2018-இல் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் அவற்றுக்கு ஏறத்தாழ 27 மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தது. வியாபாரி இழக்கும் அந்த 2 ஆயிரம் வெள்ளி, இல்லத்தரசியின் பையில் மிச்சமாகிறது என்பதை மறக்கக்கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் முடிவெடுக்காமல் ஒருவர் முந்திக்கொண்டால் என்ன ஆகும்? முதலாமவர் 6 கொள்கலனுக்கு ஒப்பந்தம் போட்டு, முன்பணமும் கட்டி, அதை ஊரறியச் சொல்லிவிடுகிறார். இனி அவர் பின்வாங்க மாட்டார் என்று தெரிந்த இரண்டாமவருக்கு 3-க்கு மேல் இறக்குவது நட்டம். மொத்தம் 9. முந்தியவருக்கு 18 ஆயிரம், பிந்தியவருக்கு 9 ஆயிரம். 1934-இல் ஷ்டாக்கல்பெர்க் என்ற ஜெர்மானியப் பொருளியலாளர் விளக்கியது இதைத்தான். முந்தியவரின் பலம் வேகத்தில் மட்டும் இல்லை, திரும்பிப் போக முடியாதபடி தன்னைக் கட்டிக்கொண்டதில் இருக்கிறது. பெரிய பேரங்காடி ஒன்று நீண்டகால ஒப்பந்தத்தோடு நம் வட்டாரத்துக்கு வரும்போது சிறிய கடைக்காரர் நிற்பது அந்தப் பிந்தியவரின் இடத்தில்தான். அங்கே விலையில் மோதுவது தோற்கிற ஆட்டம். அவர்கள் வைக்காத சரக்கு, அவர்கள் திறக்காத நேரம், அவர்கள் தராத கவனிப்பு என்று வேறு களத்துக்குப் போவதே புத்தி.

இரண்டு துறைமுகங்கள்

இதைப் பெரிய அளவில் நம் கண் முன்னேயே பார்த்தோம். 1972-இல் தஞ்சோங் பகாருக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது முதல், வட்டாரத்தின் சரக்கைக் கப்பல் மாற்றிவிடும் மையமாகச் சிங்கப்பூர் வளர்ந்தது. நம் சமூகத்திலும் துறைமுக வேலையால் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் உண்டு. 2000-ஆம் ஆண்டில் நீரிணைக்கு அக்கரையில், ஜோகூரில், தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில், அப்போது உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனமாக இருந்த மெர்ஸ்க் அத்துறைமுகத்தில் 30 விழுக்காடு பங்கு வாங்கித் தன் மையத்தை அங்கே மாற்றியது. 2002-இல் தைவானின் எவர்கிரீன் நிறுவனமும் சென்றது. சிங்கப்பூரில் 2000-இல் சுமார் 17 மில்லியனாக இருந்த கொள்கலன் எண்ணிக்கை 2001-இல் சுமார் 15.5 மில்லியனாக இறங்கியது. உலக வணிகம் அந்த ஆண்டு தளர்ந்திருந்ததும் இதற்கு ஒரு காரணம்.

தன் கணக்கை மட்டும் பார்த்தால் சிங்கப்பூர்த் துறைமுகம் அப்போதே திறமையாகத்தான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் கப்பல் நிறுவனத்தின் கணக்கு வேறு. அதற்குக் குறைந்த கட்டணம் வேண்டும். அதைவிடத் தன் கப்பல் காத்திருக்காத, தனக்கும் பங்குள்ள முனையம் வேண்டும். அக்கரையில் அது கிடைத்தது. பிறகு சிங்கப்பூரும் கட்டணச் சலுகைகளைத் தந்ததோடு ஆட்டத்தையே மாற்றியது. 2003-இல் சீனாவின் காஸ்கோ நிறுவனத்துடனும், 2006-இல் எம்எஸ்சி நிறுவனத்துடனும் கூட்டு முனையங்கள் அமைத்தது. முனையத்தில் பங்குள்ள கப்பல் நிறுவனம் எளிதில் கிளம்பிப் போகாது. 2022-இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகமும், முன்பு சொன்னேனே, திரும்பிப் போக முடியாத ஒரு முதலீடு. "நாங்கள் இங்கேதான் இருக்கப்போகிறோம்" என்று அது எல்லாரிடமும் சொல்கிறது.

முடிவு என்ன? 2024-இல் சிங்கப்பூர் 41 மில்லியனுக்கு மேல் கையாண்டது. தஞ்சோங் பெலப்பாஸ் 12 மில்லியனைத் தாண்டியது. இரண்டும் வளர்ந்தன. ஒருவர் வாழ மற்றவர் வீழ்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எல்லா ஆட்டத்திலும் இல்லை.

ஒரே சங்கிலிக்குள் நடக்கும் போட்டி

இதுவரை எதிரெதிரே நிற்பவர்களைப் பற்றிப் பேசினேன். ஒரே சங்கிலியில் மேலும் கீழும் இருப்பவர்களிடையேயும் ஓர் ஆட்டம் நடக்கிறது. பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மாணவர்களை ஆடவைக்கும் ஒரு பயிற்சி உண்டு. அதன் பெயர் பீர் ஆட்டம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆடுபவர்களுக்குக் குடிக்க ஒன்றும் கிடைக்காது, காகிதமும் பென்சிலும்தான்! சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நான்கு பேர். ஒருவரோடொருவர் பேசக்கூடாது, ஆர்டர் சீட்டு மட்டுமே அனுப்பலாம். வாடிக்கையாளர் வாரம் 4 பெட்டி வாங்கிக்கொண்டிருந்தவர், ஐந்தாம் வாரத்திலிருந்து 8 பெட்டி வாங்குகிறார். அதன்பின் மாறுவதே இல்லை. நடப்பது இவ்வளவுதான். ஆனால் கடைக்காரர் பயந்து கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறார். மொத்த வியாபாரி அதைப் பார்த்து இன்னும் கூடுதலாகக் கேட்கிறார். ஆலைக்குப் போய்ச் சேரும்போது ஆர்டர் பல மடங்காகிவிடுகிறது. பிறகு சரக்கு வந்து குவிகிறது, ஆர்டர் அடியோடு நிற்கிறது. கீழே சிறு அசைவு, மேலே பேரலை. சாட்டையின் பிடியைச் சற்று ஆட்டினால் நுனி சுழன்றடிப்பதைப் போல.

2020 பிப்ரவரியில் கொவிட் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்த்தப்பட்ட அன்று பேரங்காடிகளில் அரிசியும் மீயும் கழிவறைக் காகிதமும் காலியானது நினைவிருக்கும். யாரும் திடீரென்று இரண்டு மடங்கு சாப்பிட ஆரம்பிக்கவில்லை. "அடுத்தவர் வாங்கிவிடுவார்" என்ற எண்ணமே தட்டுப்பாட்டை உண்டாக்கியது. கேட்டதில் பாதிதான் தருவார்கள் என்று தெரிந்தால் கடைக்காரர் இரண்டு மடங்கு கேட்பார். எல்லாரும் அப்படிக் கேட்டால் மேலே இருப்பவருக்கு உண்மைத் தேவை எவ்வளவு என்றே தெரியாது.

இன்னொரு கோளாறும் உண்டு. மொத்த வியாபாரி தன் லாபத்தை வைத்து விலை சொல்கிறார். கடைக்காரர் அதன்மேல் தன் லாபத்தை வைக்கிறார். இருவரும் தனித்தனியே சரியாகக் கணக்குப் போட்டாலும், கடைசி விலை மிக ஏறி விற்பனை குறைந்து, இருவரின் மொத்த லாபமும் குறைகிறது. வாங்குபவருக்கும் விலை கூடுகிறது. 1950-இல் ஸ்பெங்லர் என்ற பொருளியலாளர் இதை எழுதினார். இதற்கு மருந்து, லாபத்தையும் நட்டத்தையும் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தம். 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் ஒளிநாடா வாடகைக்கு விடும் பிளாக்பஸ்டர் நிறுவனம் திரைப்பட நிறுவனங்களோடு இப்படி ஒப்பந்தம் செய்தது. நாடாவை மிகக் குறைந்த விலைக்குப் பெற்று, வாடகை வருமானத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தது. கடைகளில் கூடுதல் நாடாக்கள் வைக்க முடிந்தது. படம் கேட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்புவதும் குறைந்தது. முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது, லாபம் பேசியபடி இருவருக்கும் என்ற முளாரபா முறையை அறிந்த நமக்கு இதன் அடிப்படை அந்நியமானதில்லை.

ஊருக்கு வரும் அரிசியும் கோழியும்

2022 ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு முந்திய ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தது. விலையையும் தூரத்தையும் மட்டும் பார்த்தால் பக்கத்து நாட்டிலிருந்தே எல்லாவற்றையும் வாங்குவதுதான் உகந்த முடிவு. ஆனால் அந்த நாட்டு அரசாங்கத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதன் மக்களுக்குக் கோழி கிடைக்க வேண்டும், விலை ஏறக்கூடாது. அதில் தவறு சொல்ல முடியாது. அந்த மாதத்தின் இறுதியிலேயே இந்தோனேசியக் கோழிக்கு இங்கே அனுமதி கிடைத்தது. பிரேசிலிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் உறைந்த கோழி வந்துகொண்டிருந்தது.

2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி தவிர்த்த வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோதும் இங்கே அடுப்பு அணையவில்லை. அரிசி இறக்குமதியாளர்கள் இரண்டு மாத இறக்குமதிக்குச் சமமான அரிசியை எப்போதும் இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே விதி. கிடங்கு வாடகை கூடுதல் செலவுதான். தன் கணக்கில் அது வீண்போலத் தெரியும். அடுத்தவர் கதவை மூடக்கூடும் என்ற கணக்கையும் சேர்த்தால் அது விலை மலிவான பாதுகாப்பு. அந்த ஆகஸ்டு மாத இறுதியில் சிங்கப்பூருக்கு விலக்களிப்பதாக இந்தியா அறிவித்தது.

நம் கடைகளுக்கு

இவற்றிலிருந்து நம் குடும்பங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியவை மூன்று.

முதலாவது, விற்றதை மட்டுமல்ல, கேட்டு இல்லையென்று அனுப்பியதையும் எழுதிவையுங்கள். அந்த எண் இல்லாமல் எந்தக் கணக்கும் நிற்காது. அதை உங்களுக்குச் சரக்கு தருபவரிடமும் சொல்லுங்கள். அவரிடம் மறைப்பதால் வரும் லாபத்தைவிட, அவருக்குத் தெரிவதால் வரும் லாபமே பெரும்பாலும் அதிகம்.

இரண்டாவது, ஒரு முடிவை எடுக்குமுன் நாற்காலியை மாற்றிப் போட்டு உட்காருங்கள். "நான் விலையைக் குறைத்தால் அவர் என்ன செய்வார், அதற்குப் பிறகு நான் எங்கே நிற்பேன்?" என்று இரண்டு நகர்வு முன்னே பாருங்கள். விலைப்போரில் இறங்கிய இரண்டு கடைகளும் மூடப்பட்ட கதை எந்தக் கடைத்தெருவிலும் கிடைக்கும்.

மூன்றாவது, சேர்ந்து விலையேற்றுவது குற்றம், சேர்ந்து சரக்கைக் கொண்டுவருவது வேறு. இரண்டு கடைக்காரர்கள் தனித்தனியே சரக்கு வரவழைத்தால் ஒருவருக்கு 3,000 வெள்ளியும் மற்றவருக்கு 2,000 வெள்ளியும் கப்பல் கூலி ஆகிறது. ஒரே கொள்கலனில் போட்டால் 4,000 வெள்ளி. மிச்சம் 1,000. இதை எப்படிப் பிரிப்பது? கூட்டு முறிவது பெரும்பாலும் இங்கேதான்.

1953-இல் லாயிட் ஷேப்லி என்ற கணித அறிஞர் ஒரு வழி சொன்னார். முதலில் பெரியவர் வந்ததாக நினைத்தால், அவர் செலவு 3,000, பின்னால் வந்த சிறியவரால் கூடியது 1,000. சிறியவர் முதலில் வந்திருந்தால், அவர் செலவு 2,000, பெரியவரால் கூடியது 2,000. இரண்டு வரிசைகளின் சராசரியை எடுத்தால் பெரியவருக்கு 2,500, சிறியவருக்கு 1,500. இருவருக்கும் 500 வெள்ளி மிச்சம். மூன்று பேர், ஐந்து பேர் என்றாலும் இதே முறைதான், வரிசைகள் மட்டும் கூடும். பங்கு எப்படி வந்தது என்று எல்லார் முன்னிலையிலும் போட்டுக் காட்டக்கூடிய கணக்கு என்பதால் மனக்கசப்புக்கு இடம் குறைவு. ஷேப்லிக்கு 2012-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. செயல்முறை ஆய்வு, தளவாடம், தரவு அறிவியல் என்று பல்கலைக்கழகங்களில் பல பெயர்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. படியுங்கள். படித்த பிறகு பெரிய நிறுவனத்தில் வேலை பாருங்கள், அதில் தவறில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை மாலை உங்கள் வாப்பாவின் கடைக்கோ மாமாவின் கடைக்கோ போய் அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அவர்கள் முப்பது வருடமாக மனக்கணக்காகப் போட்டதில் எது சரி, எது மாற வேண்டும் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். சரக்கின் போக்கும் வாடிக்கையாளரின் மனமும் அவர்களுக்குத் தெரியும். கணக்கின் வழி உங்களுக்குத் தெரியும். இரண்டும் ஒரே மேசைக்கு வந்தால், பல சிறிய கடைகள் அடுத்த தலைமுறைக்கும் திறந்திருக்கும்.

இந்தச் சங்கம் ஐம்பது ஆண்டு நிலைத்ததற்குக் காரணமும், சந்தையில் போட்டியிட்டவர்கள் இங்கே வந்து ஒரே வரிசையில் உட்கார்ந்ததுதான். கொள்கலனையும் கிடங்கையும் பகிர்ந்துகொள்ளும் பேச்சை இந்த மண்டபத்திலேயே தொடங்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.